பழைய சொகுசு கார்: ரிப்பேர் செய்து ஓட்டுவதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா?

பெரிய எஸ்டிமேட் கைக்கு வந்த அன்றே காரை விற்க முடிவு செய்யாதீர்கள். அன்றே ரிப்பேருக்கும் சரி சொல்லாதீர்கள். 10, 15 வருடம் ஓடிய மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் கார்களில்தான் எனக்குத் தினசரி வேலை. எஸ்டிமேட்டை மேசையில் வைத்துவிட்டு "அண்ணே, இதுக்கு மேல இந்த வண்டிக்குச் செலவு பண்ணலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பில்லை ஓரமாக வையுங்கள், முதலில் வண்டியைத் தூக்கிப் பார்ப்போம்.

எஸ்டிமேட்டில் இருப்பது கெட்டுப்போன ஒரு பாகத்தின் கணக்கு. நீங்கள் எடுக்கப்போவது மொத்த வண்டியைப் பற்றிய முடிவு. கியர்பாக்ஸ் போய்விட்டது என்பது பெரிய செய்திதான். ஆனால் உடல் உறுதியாக இருந்து, இன்ஜின் சுத்தமாக ஓடி, வயரிங்கில் தண்ணீர் படாத வண்டியில் கியர்பாக்ஸ் போவது வேறு. நாலு பக்கமும் துரு அரித்த வண்டியில் போவது வேறு. பில் இரண்டுக்கும் ஒன்றாகவே வரும். பதில் ஒன்றாக வராது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். சொகுசு கார்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. புதிதில் எட்டாத விலையில் இருந்த கார் பத்து வருடத்தில் சாதாரணக் காரின் விலைக்கு இறங்கிவிடும். அதன் உதிரிபாகங்களின் விலை அப்படி இறங்காது. ஏர் சஸ்பென்ஷனும் கியர்பாக்ஸும் இன்னமும் அந்த உயர்ந்த விலைக் காரின் பாகங்கள்தான். பாதி விலைக் கணக்கை வைத்துக்கொண்டால் இன்னும் பல வருடம் ஓடக்கூடிய அருமையான வண்டிகளைக்கூட விற்க வேண்டியதாகிவிடும். அப்படிப் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

முதலில் உடல்

வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நீங்களும் டார்ச்சோடு கீழே நின்று பாருங்கள். மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னால் போதும் என்று வரவேற்பறையில் உட்கார வேண்டாம். பார்க்க வேண்டியவை: ஜாக்கி வைக்கும் இடங்கள், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம், முன்னும் பின்னும் சப்ஃபிரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் தனிச் சட்டம்) உடலோடு சேரும் இடங்கள், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் கோபுரம், பிரேக் குழாய்கள். மேற்புறத்தில் பொடியாகத் துரு இருந்தால் பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். உறுதியான தகடு கணீரென்று சத்தம் தரும். அரித்த தகடு மொத்தென்று சத்தமிடும், சில இடங்களில் பொருக்காக உதிரும். சப்ஃபிரேம் சேரும் இடமோ பெட்டிச் சட்டமோ அப்படி உதிர்ந்தால் இந்தக் கட்டுரையில் மிச்சமிருக்கும் எதையும் படிக்கத் தேவையில்லை, விற்பதுதான் சரி. விபத்தில் பயணிகளைக் காப்பது அந்தச் சட்டம். அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய முடியும். ஆனால் ஒழுங்காகச் செய்தால் அந்தச் செலவுக்கு எல்லை இருக்காது, ஒழுங்கில்லாமல் செய்தால் ஆபத்து.

இன்ஜின் போனால் வேறு இன்ஜின் வைக்கலாம், கியர்பாக்ஸையும் பிரித்துச் சரிசெய்யலாம். உடல் போனால் வண்டியே இல்லை. அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

தண்ணீர் எங்கே போயிருக்கிறது

உடலுக்கு அடுத்து நான் பார்ப்பது இன்ஜினை அல்ல, தரைவிரிப்பை. சன்ரூஃபின் நாலு மூலையிலும் சிறிய வடிகுழாய்கள் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழேயும் தண்ணீர் வடிய வழி உண்டு. இலைச் சருகும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். பல சொகுசு கார்களில் கன்ட்ரோல் யூனிட்டுகள், அதாவது வண்டியை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள், இருப்பது எங்கே தெரியுமா? முன்சீட்டுக் காலடியில் தரைவிரிப்புக்குக் கீழே, அல்லது டிக்கியின் பக்கவாட்டுக் குழியில். தண்ணீர் தேங்குவதும் அதே இடங்களில்தான்.

உள்ளங்கையை விரித்து நாலு காலடியிலும் விரிப்பை அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருக்கும், கீழே பஞ்சுபோன்ற தடித்த அடுக்கு ஒன்று இருக்கிறதே, அது வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியையும் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அருகிலுள்ள கனெக்டர் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள். பின்கள் பளிச்சென்று இருந்தால் நேரத்தோடு வந்துவிட்டீர்கள். வடிகுழாயைச் சுத்தம் செய்து, விரிப்பை எடுத்து முழுசாகக் காயவைத்தால் போதும். பச்சை பூத்திருந்தால் ஒரு யூனிட்டை மாற்றியதும் பிரச்சினை முடியாது. இன்று கண்ணாடி இறங்காது, அடுத்த மாதம் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது, அதற்கடுத்து வண்டியே ஸ்டார்ட் ஆகாது. வெள்ளத்தில் சீட் மட்டம் வரை நின்ற வண்டிக்கும் இதேதான். இன்ஜினைக் காப்பாற்றினாலும் வயரிங் நிம்மதி தராது. அதை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

மின்சாரக் கோளாறு எல்லாமே இப்படிப் பயப்பட வேண்டியதும் இல்லை. ஒருவர் டேஷ்போர்டு முழுக்க விளக்கு எரியும் வண்டியைக் கொண்டுவந்தார். மூன்று கன்ட்ரோல் யூனிட்டுகளை மாற்ற வேண்டும் என்று வேறொரு இடத்தில் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளோடு வண்டியையும் விற்கத் தயாராகத்தான் வந்தார். கோளாறு பேட்டரியில் இருந்தது. இந்தக் கார்களில் டஜன் கணக்கில் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன. ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் சரிந்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு எரர் கோடு எழுதி வைக்கும். எனவே எந்த எலக்ட்ரிகல் எஸ்டிமேட்டுக்கும் சரி சொல்வதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்: ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி, இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் சரியாக இருக்கிறதா என்ற சோதனை, எல்லாக் கோடுகளையும் அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டம், அப்புறம் மறுபடி ஸ்கேன். திரும்பி வரும் கோடுதான் உண்மையான கோளாறு.

ஆடியோ, நேவிகேஷன், போன் மூன்றும் ஒரே நேரத்தில் செத்துப்போனாலும் பதற வேண்டாம். 2000-களின் பல ஜெர்மன் கார்களில் இவையெல்லாம் ஒளியிழைக் கேபிளால் வளையமாக இணைக்கப்பட்டிருக்கும். வளையத்தில் ஒரு பெட்டி கெட்டால் மொத்தமும் நின்றுவிடும். ஒவ்வொரு பெட்டியாக வளையத்திலிருந்து விலக்கி, சின்ன இணைப்புத் துண்டு போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டு மலிவான பொருள்.

இன்ஜினும் கியர்பாக்ஸும்

இன்ஜினைப் பற்றி மூன்று சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, சிலிண்டர்களின் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகின்றன என்பது. எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்தால் அடுத்தது லீக்-டவுன் சோதனை. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிவிட்டுக் காது கொடுப்பார்கள். இன்டேக்கில் சீறினாலோ சைலன்சரில் சீறினாலோ வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங், கூலன்ட் தொட்டியில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். பிரித்துப் பார்க்காமலே இவ்வளவும் தெரியும்போது "இன்ஜினைக் கழற்றினால்தான் சொல்ல முடியும்" என்று ஒருவர் முதல் நாளே சொன்னால் வேறு இடம் பாருங்கள். மூன்றாவது, கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் சோதனை. மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை பம்பால் ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தால் முள் இறங்குகிறதா என்று தெரியும்.

உங்கள் இன்ஜினின் குறிப்பெண்ணைத் தெரிந்துகொள்வது இந்தக் கட்டத்தில் பெரிய உதவி. காரின் மாடல் பெயர் போதாது. பிறவிக் குறைகள் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். மெர்சிடிஸின் ஆரம்பகால எம்272 வி6 இன்ஜின்களில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் சீக்கிரம் தேய்வது தெரிந்த விஷயம். அதை மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும். பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக, பின்னால் இருக்கிறது; எளிதில் கை எட்டாது. போர்ஷேயின் எம்96 இன்ஜின்களில் ஐ.எம்.எஸ். எனப்படும் இடைத்தண்டின் பேரிங் கெட்டுப்போவதற்குப் பேர்போனது. இப்படி ஒரு குறை உங்கள் இன்ஜினுக்கு இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டதா? பில் இருந்தால் உங்கள் வண்டிக்கு மதிப்பு கூடியிருக்கிறது, பெரிய செலவு ஒன்று கழிந்துவிட்டது. இல்லையென்றால் இன்றைய எஸ்டிமேட்டோடு அதையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

கியர்பாக்ஸ் என்றதும் பலர் வண்டியைக் கைகழுவிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். இசட்.எஃப். நிறுவனத்தின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பி.எம்.டபிள்யூ, ஆடி, ஜாகுவார் எனப் பல கார்களில் இருக்கிறது. அதன் ஆயில் ஆயுள் முழுக்கத் தாங்கும் என்று சில கார் கம்பெனிகள் சொன்னாலும், கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். தந்த பரிந்துரை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும் என்பது. அந்த கியர்பாக்ஸில் வயர் நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் உறை ஒன்று உண்டு. அதன் ரப்பர் வளையம் காய்ந்து ஆயில் கசியும், அளவு குறையும், கியர் உதைக்கும். உதைக்கிற கியர்பாக்ஸுக்கு முழு மாற்று என்று எஸ்டிமேட் வந்தால், அதற்கு முன் ஆயில் அளவைச் சரியான வெப்பநிலையில் பார்த்தார்களா, கழற்றிய ஆயில் பேனின் (அடியில் ஆயில் நிற்கும் தட்டின்) காந்தத்தில் என்ன ஒட்டியிருந்தது என்று கேளுங்கள். மை மாதிரி மெல்லிய சாம்பல் படிவு சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாக உலோகம் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

ஏர் சஸ்பென்ஷன்: ஒரு ராத்திரிச் சோதனை

இந்தப் பாகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சொகுசு காரை விற்கவைக்கும் காரணங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. நேரத்தோடு கவனித்தால் பாதிச் செலவில் முடிவதும் இதுதான்.

சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். டேப்பை எடுத்து ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் கதவைத் திறப்பதற்கு முன்பே மறுபடி அளங்கள். பல வண்டிகளில் கதவைத் திறந்தாலே காற்றை ஏற்றும் கம்ப்ரஸர் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்துவிடும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து ஏர் பேக்கில் (ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பையில்) வெடிப்பு அல்லது அதன் குழாய் இணைப்பில் கசிவு. நாலும் சேர்ந்து இறங்கியிருந்தால் காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கைச் சந்தேகிக்கலாம். சோப்புத் தண்ணீரை அடித்துப் பார்த்தால் நுரை காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது இதைத் தள்ளிப்போட்டால் நடப்பதைப் பாருங்கள். பேக்கில் காற்று கசிகிறது. உயரத்தைக் காப்பாற்றக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறது. இடைவிடாமல் ஓடுவதற்காக அது செய்யப்படவில்லை, சூடாகிறது, உள்ளே பிஸ்டன் வளையம் தேய்கிறது. சில வண்டிகளில் அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டு கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்தேபோகும். ஒரு பேக்கின் செலவு, பேக்கும் கம்ப்ரஸரும் ரிலேயும் ஆகிவிட்டது. எஸ்டிமேட்டில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வண்டி மூன்று இடத்தில் கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். கெட்டது ஒன்று, மற்ற இரண்டும் அதன் விளைவு.

பி.எம்.டபிள்யூவின் என்52, என்54, என்55 இன்ஜின்களிலும் இதே கதை வேறு ரூபத்தில் உண்டு. ஆயில் ஃபில்டர் அமரும் பகுதியின் சின்ன ரப்பர் கேஸ்கெட் கசிந்து, ஆயில் சொட்டுச் சொட்டாக பெல்ட்டில் விழும். ஊறிய பெல்ட் நழுவி, கிரேங்க் ஷாஃப்ட்டின் முன் சீலுக்குள் இழுபட்டால் இன்ஜினே ஆபத்தில். ஆரம்பத்தில் அது ஒரு கேஸ்கெட்டும் சில மணி நேர வேலையும்தான்.

எஸ்டிமேட்டைப் படிப்பது

இப்போது அந்தப் பில்லை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நீங்களே ஓர் எழுத்து போடுங்கள். உயிருக்கு ஆபத்தானதற்கு "உ": பிரேக், ஸ்டீயரிங், பால் ஜாயின்ட், டயர், விபத்தில் விரியும் ஏர்பேக். விட்டால் வேறொன்றைக் கெடுப்பதற்கு "கெ": கூலன்ட் கசிவு, பெல்ட்டில் ஆயில், கசியும் சஸ்பென்ஷன் ஏர் பேக், செயின் சத்தம். வசதிக்கானதற்கு "வ": சீட் சூடாக்கி, தானாக மூடும் டிக்கி, பின்சீட் திரை. "உ" இல்லாமல் வண்டி சாலைக்குப் போகக் கூடாது. "கெ" இந்த மாதம். "வ" எப்போது வேண்டுமானாலும், அல்லது எப்போதுமே வேண்டாம். மலைக்க வைத்த பில்லில் "வ" வரிகளை அடித்துவிட்டுக் கூட்டினாலே பலருக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

கூலியையும் பாருங்கள். ஒரே இடத்தைக் கழற்றிச் செய்யும் இரண்டு வேலைகளுக்கு இரண்டு முறை கழற்றுக் கூலி போட்டிருக்கிறதா? கியர்பாக்ஸ் கீழே இறங்கியிருக்கும்போது கிரேங்க் ஷாஃப்ட்டின் பின் சீலை மாற்றுவதற்கு சீலின் விலையும் கொஞ்ச நேரமும்தான். ஆறு மாதம் கழித்துச் செய்தால் கியர்பாக்ஸை இறக்கும் முழுக் கூலியும் மறுபடி வரும். அதனால் "இதற்காக எதையெல்லாம் கழற்றுகிறீர்கள், அங்கே கை எட்டும்போது வேறு எதை மாற்றுவது நல்லது?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார்.

உதிரிபாகத்தில் கார் கம்பெனியின் பெட்டி ஒன்று, அதைச் செய்துகொடுத்த கம்பெனியின் பெட்டி இன்னொன்று. சஸ்பென்ஷன் கைகளுக்கு லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பருக்கு பில்ஸ்டைன், சாக்ஸ், எலக்ட்ரிகல் பாகங்களுக்கு பாஷ், ஃபில்டருக்கு மாலே: புதுக் கார்களுக்கே பாகம் செய்துகொடுத்தவர்கள் அதைத் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். பல நேரம் அதே பாகம், கார் கம்பெனியின் முத்திரை மட்டும் இருக்காது, விலை குறைவு. பழைய பாகம் வாங்குவதென்றால் கதவு, கண்ணாடி, சீட், ஹெட்லைட் சரி. ரப்பர், பிரேக், ஏர்பேக் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. கன்ட்ரோல் யூனிட்டுகளில் பல முந்தைய காரோடு கோடு செய்யப்பட்டிருக்கும், வாங்குவதற்கு முன் உங்கள் வண்டியில் ஏற்க வைக்க முடியுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனிக் கணக்கு

ரிப்பேர் செலவை வண்டியின் விலையோடு ஒப்பிடாதீர்கள். வைத்துக்கொண்டால் அடுத்த மூன்று வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவை, மாற்றினால் அதே மூன்று வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவோடு ஒப்பிடுங்கள்.

நல்ல நிலையில் உங்கள் கார் 100 பெறும் என்று வைத்துக்கொள்வோம். கோளாறோடு இன்றே விற்றால் 40 கிடைக்கலாம். வாங்குபவர் ரிப்பேர் செலவோடு தன் பயத்தையும் கழித்துத்தான் விலை சொல்வார். ரிப்பேர் 60. மூன்று வருடத்தில் வரக்கூடிய மற்ற வேலைகளுக்கு 50. மூன்று வருடம் கழித்து விற்றால் 50. ஆக, வைத்துக்கொள்வதன் செலவு: இன்று கைவிட்ட 40, போட்ட 110, மொத்தம் 150, திரும்பிவந்த 50 போக 100.

அதே தரத்தில் புதிய ஒன்றை 400 கொடுத்து வாங்குகிறீர்கள். மூன்று வருடத்தில் அது 240-க்கு இறங்கினால் இழப்பு 160. வட்டி, வரி, கூடுதல் இன்ஷூரன்ஸ் 50. சர்வீஸ் 20. மொத்தம் 230. ரிப்பேர் வண்டி விலையில் பாதிக்கு மேல் இருந்தும் வைத்துக்கொள்வதே பாதிக்கும் குறைவான செலவு என்று இந்தக் கணக்கு காட்டுகிறது. ரிப்பேர் 60-க்குப் பதில் 190 ஆனால்தான் இரண்டும் சமமாகும்.

இதே கணக்கைச் சாதாரணக் கார் ஒன்றோடும் போடுங்கள். 150-க்கு வாங்கி, மூன்று வருடத்தில் 90 ஆகி, மற்ற செலவுகள் 40 என்றால் மொத்தம் 100 ஆகிறது. உங்கள் பழைய காரை வைத்துக்கொள்ளும் செலவும் அதேதான். அப்போது பணம் முடிவு சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். காலையில் அதன் கதவைத் திறக்கும்போது இன்னமும் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கனமான கதவும் சத்தமில்லாத உள்கூடும் நீண்ட பயணத்தில் முதுகு வலிக்காத சீட்டும் உண்மையான மதிப்புள்ளவை. அவற்றுக்காக ஒரு பழைய காரை வைத்திருப்பவரை நான் மதிக்கிறேன்.

இந்த எண்கள் வெறும் எடுத்துக்காட்டு, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். இரண்டு விதிகள் மட்டும் முக்கியம். போன வருடம் செய்த செலவைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. "இவ்வளவு போட்டாச்சே" என்பதும் "இனி ஒரு பைசா போட மாட்டேன்" என்பதும் ஒரே தவறுதான். இன்னொன்று, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு ஒரு விலை போடுங்கள். வீட்டில் வேறு வண்டி இருப்பவருக்கு அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரே வண்டியை நம்பி தினமும் வேலைக்குப் போகிறவருக்கு, அதுவும் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால், அது பெரிய தொகை. அப்படிப்பட்டவருக்கு வைத்துக்கொள்ளும் செலவு, மாற்றும் செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினாலே மாற்றிவிடச் சொல்வேன்.

கணக்கே போடாமல் விற்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. துருவையும் வெள்ளத்தையும் ஏற்கெனவே சொன்னேன். ஏர்பேக் அல்லது பிரேக் சம்பந்தமான பாகத்தின் தயாரிப்பே நின்று, நம்பகமான மாற்றும் கிடைக்காதவை மூன்றாவது. உங்களுக்கு எட்டும் தூரத்தில் அந்த மாடலைத் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை என்றால் அது நான்காவது. தெரியாத கைகள் ஊகத்தில் பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பதற்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால்

இன்ஜினையோ கியர்பாக்ஸையோ பிரிப்பதற்கு முன் எழுத்தில் ஓர் எல்லை வையுங்கள். உள்ளே இன்னது இருந்தால் தொடரலாம், இன்னது இருந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள் என்று. பிரித்துப் போட்ட பிறகு பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

வேலைகளின் வரிசை: "உ" எல்லாம் முதலில். அடுத்து எல்லாத் திரவங்களும். இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட், இரண்டு வருடம் தாண்டிய பிரேக் ஆயில். அதோடு கூலிங் சிஸ்டத்தின் பிளாஸ்டிக்கும் ரப்பரும். கூலன்ட் தொட்டி, தெர்மோஸ்டாட் உறை, வாட்டர் பம்பு, ஹோஸ்கள் வெப்பத்தில் காய்ந்து ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் உடையத் தொடங்கும். ஒன்று உடைந்தால் மற்றதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அலுமினிய ஹெட் உள்ள இன்ஜின் ஒருமுறை நன்றாகச் சூடேறினாலே ஹெட் வளைந்துவிடலாம். அப்புறம் சஸ்பென்ஷன் புஷ்கள், கடைசியில் அலைன்மென்ட். டயரின் பள்ளங்கள் இன்னும் ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2315 என்றால் 2015-ன் 23-ஆவது வாரம். எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த டயரில் வேகமாகப் போக வேண்டாம். தோல் சீட்டும் பெயின்ட்டும் அடுத்த வருடம் பார்க்கலாம்.

விற்பதென்று முடிவானால்

பெரிய ரிப்பேரைச் செய்துவிட்டு விற்காதீர்கள், போட்ட பணம் விலையில் முழுசாகத் திரும்பி வருவது அபூர்வம். ஆனால் ஓடும் நிலையில் இருக்கும் வண்டிக்கும் லாரியில் ஏற்ற வேண்டிய வண்டிக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பேட்டரி, ஒரு சென்சார், ஒரு ஹோஸ் என்று சின்னச் செலவில் ஓடவைக்க முடிந்தால் ஓடவைத்துவிடுங்கள். கோளாறை மறைக்க வேண்டாம். சோதனை முடிவுகளையும் எஸ்டிமேட்டையும் வாங்குபவர் கையிலேயே கொடுங்கள். கோளாறு எழுத்தில் தெளிவாக இருந்தால் தெரியாததற்காக அவர் விலையைக் குறைப்பது நிற்கும். அதே மாடலைப் பிரியமாக வைத்திருக்கும் ஒருவரோ அந்த வகைக் கார்களில் மட்டும் வேலை செய்யும் மெக்கானிக்கோ, பொதுவான வியாபாரியைவிட நல்ல விலை தருவார்கள். அவர்களுக்கு அந்த ரிப்பேரின் அடக்க விலை தெரியும்.

வண்டியைக் காட்டுவதற்கு முன் இரண்டாவது சாவி, எல்லா பில்கள், ரேடியோ கோடு, சக்கரத்தின் பூட்டு போல்ட்டைக் கழற்றும் அடாப்டர் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு வையுங்கள். அந்த அடாப்டர் பெரும்பாலும் ஸ்டெப்னி குழியில் டூல் கிட்டுக்குள் கிடக்கும். அங்கே இல்லையென்றால் கடைசியாக டயர் மாற்றிய கடையில் கேட்டுப் பாருங்கள்.